சீட்டின் மேல் இருந்த ஸ்பேனர்

அக்கா வீட்டுக்காரரின் இரண்டு தொடைகளிலும் குறுக்காக ஒரு கறுத்த கோடு இருந்தது. மரப்பெட்டியின் விளிம்பு பட்டுப் பட்டுக் கன்றிப்போன இடம். அடிபம்பு அருகில் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது அக்கா அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் துண்டைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு, "இதெல்லாம் பேப்பர்ல போடுற சேதி இல்ல மாப்ள" என்றார்.

எழுபதுகளின் கடைசி அது. அரியலூர் அப்போது திருச்சி மாவட்டத்தில் இருந்தது. நான் திருச்சியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு நாளிதழுக்கு அரியலூரிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். மாமா, ரெட்டிபாளையம் போகும் வழியில் ஒருவர் குத்தகைக்கு எடுத்திருந்த சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைப்பவர். பாறையில் குழி போடுவது வேறு ஆட்கள். மருந்தை அடைத்து, திரி வைத்து, கடைசியாகத் தீ வைத்துவிட்டு வருவது அவர்.

மருந்துக் கிடங்கு சுரங்கத்திலிருந்து மூன்று மைல் தள்ளி, பொட்டல் காட்டில், கம்பி வேலிக்குள் இருந்தது. மருந்துக் குச்சிகள் டிராக்டரில் தனியாகப் போகும். அவற்றை வெடிக்கச் செய்யும் சின்னக் குழல்களை 'கேப்பு' என்பார்கள். அவற்றைக் குச்சிகளோடு சேர்த்துக் கொண்டுபோகக் கூடாது. பித்தளைப் பூட்டுப் போட்ட ஒரு மரப்பெட்டியில், பஞ்சுக்கு நடுவே அடுக்கி, மாமா ஜீப்பில் கொண்டுபோவார். பெட்டியை வண்டியின் தரையில் வைக்கலாம் என்றுதான் விதி. அவர் வைப்பதில்லை. டிரைவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்வார். வண்டி தூக்கிப் போட்டால் தன் உடம்பு வாங்கிக்கொள்ளட்டும் என்பது அவர் கணக்கு. கேப்புப் பெட்டி கீழே விழுந்தால் வெடிக்குமா என்று நான் வெவ்வேறு சமயங்களில் மூன்று பேரிடம் கேட்டிருக்கிறேன். வெடிக்கும் என்றார் ஒருவர். வெடிக்காது என்றார் இன்னொருவர். மூன்றாமவர் மாமா. அவர் வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார்.

அந்த ஜீப்பின் முன் இடப்பக்க ஷாக் அப்சார்பர் சில வாரங்களாகவே தடதடத்தது. சரியாக அவர் உட்காரும் இடத்துக்குக் கீழே. தொடையில் கோடு விழுந்தது அதனால்தான்.

அக்கா மாமாவிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாள். "முதலாளிகிட்ட சொல்லிட்டேன் சொல்லிட்டேன்னுவாரு தம்பி. சொல்ல மாட்டாரு. நீயே போயி அதுக்கு என்ன வேணுமோ வாங்கியாந்து மாட்டிக் குடு." அவள் கெஞ்சவில்லை. அரிசியில் கல் பொறுக்கியபடியே சொன்னாள்.

ஜெயங்கொண்டம் சாலையில் கொட்டகை போட்டிருந்த மெக்கானிக்கை ஊரில் எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். வியாழக்கிழமை மாலை வண்டியை அவரிடம் விட்டோம். அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, உள்ளங்கையில் ஒரு கறுப்புத் துண்டை வைத்துக் காட்டினார். லாரி டயரை வெட்டி யாரோ செய்து போட்டிருந்த ரப்பர். அதுவும் பாதி தேய்ந்து வட்டம் கெட்டுப் போயிருந்தது.

அவர் விளக்கியதை என் குறிப்பு நோட்டில் எழுதிக்கொண்டேன். ஷாக் அப்சார்பர் முழங்கை நீளத்துக்கு ஒரு குழாய். மேல் முனை சேஸ் என்கிற அடிச்சட்டத்தில், கீழ் முனை ஸ்பிரிங் பட்டையின் தகட்டில். இரண்டு முனையிலும் ஒரு வளையம். வளையத்துக்குள் புஷ் என்கிற ரப்பர்க் குழல், புஷ்ஷுக்குள் இரும்புப் பின். பின்னின் வெளிப்பக்கம், நடுவில் ஓட்டை உள்ள வட்டத் தகடாக ஒரு வாசர். அந்த வாசர் கழன்று வராமல் பின்னின் நுனியில் உள்ள துளையில், கொண்டை ஊசி மாதிரி இருக்கும் ஒரு ஸ்பிளிட் பின் செருகி, அதன் இரண்டு காலையும் விரித்து மடக்க வேண்டும். குழாய் நன்றாகத்தான் இருந்தது. மாட்டும் சாமான்கள்தான் போயிருந்தன. ரப்பர், வாசர், ஸ்பிளிட் பின். மூன்றும் அரியலூர்க் கடைகளில் புதிதாகக் கிடைக்காது, பெரம்பலூரில் லாரிகள் நிற்கும் மெட்ராஸ் ரோட்டுக் கடைகளில் கிடைக்கும் என்றார்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். பழைய வாசரையும் ரப்பரையும் காகிதத்தில் சுற்றி அளவுக்கு எடுத்துப் போயிருந்தேன். கீழ் முனையின் பழைய ஸ்பிளிட் பின் கழற்றும்போதே முறிந்து விழுந்து, கொட்டகைத் தரையின் கறுப்பு மண்ணில் கலந்துவிட்டது. அதைத் தேடாமல் விட்டேன். கடைக்காரர் ரப்பரையும் வாசரையும் வைத்துப் பார்த்துக் கொடுத்தார். ஸ்பிளிட் பின்னுக்கு அளவு கேட்டார். நான் விரலால் காட்டினேன். அவர் டப்பாவில் கைவிட்டு நாலைந்து எடுத்துக் கொடுத்தார்.

பதினோரு மணிக்கெல்லாம் திரும்பிவிட்டேன். பாய் ஸ்பிளிட் பின்னைத் துளையில் விட்டார். அது உள்ளே போய் ஆடியது.

"பேப்பர்காரரே, இது பொம்பளைங்க தலையில குத்துறதுக்கு வாங்கியாந்தீங்களா?" என்றார். கோபமில்லை. மேல் முனையில் பழைய பின்னே சரியாக இருந்ததால் அதையே திரும்பப் போட்டார். கீழ் முனைக்கு என்ன செய்வது என்று யோசித்து, பெட்டியிலிருந்து ஒரு ஆணியை எடுத்துத் துளையில் செருகி, வளைத்துவிட்டார். புது ரப்பர் வண்டியின் கனத்தில் உட்கார வேண்டும், அதுவரைக்கும் ஆணி போதும், தொழுகைக்குப் போய்விட்டு வரும்போது ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் லாரிப் பட்டறையில் பழைய சாமானில் கிடக்கும் தடித்த பின் ஒன்று வாங்கிவந்து போட்டுவிடுகிறேன் என்றார். ஜாக்கியை இறக்கினார். வண்டியை இரண்டு முறை முன்னும் பின்னும் உருட்டினோம். கையைக் கழுவிக்கொண்டு, சட்டை மாற்றி, தொப்பி வைத்துக்கொண்டு சைக்கிளில் போனார். போவதற்கு முன் கையிலிருந்த ஸ்பேனரை டிரைவர் சீட்டின் நடுவில் வைத்துவிட்டுப் போனார். நான் அதைப் பார்த்தேன். மறதியாக வைத்துவிட்டதாக நினைத்தேன்.

ஒன்றரை மணிக்கு மாமாவும் டிரைவரும் வந்தார்கள். டிரைவர் எதிர்க் கடையில் டீ சொல்லிவிட்டு நின்றுகொண்டார். அது அவர்களுக்குள் வழக்கம். கேப்பு ஏற்றப் போகும் வண்டியை முதலில் மாமா தனியாகச் சோதிப்பார். தீப்பெட்டி, பீடி, உதிரி இரும்பு எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. பெட்டிக்குப் பக்கத்தில் இரும்பு உருளக் கூடாது என்பதில் அவர் அவ்வளவு கறார். அவர் சோதித்து முடித்துக் கை காட்டினால்தான் டிரைவர் ஏறுவார்.

சீட்டில் ஸ்பேனரைப் பார்த்ததும் உச்சுக்கொட்டினார். எடுத்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கிச் சுவரில் இருந்த கொக்கியில் மாட்டினேன்.

"மாட்டியாச்சா மாப்ள?"

"மாட்டியாச்சு மாமா."

அதில் பொய் இல்லை. ரப்பர் மாட்டியிருந்தது, வாசர் மாட்டியிருந்தது, ஆணியும் மாட்டியிருந்தது. 'போதும்' என்று பாய் சொன்ன சொல் மட்டும்தான் என் காதில் நின்றிருந்தது. அதற்கு முன்னால் இருந்த 'அதுவரைக்கும்' நிற்கவில்லை. மாமா கை காட்டினார். டிரைவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்து ஏறினார். வண்டி போயிற்று. தடதடப்புச் சத்தம் இல்லை. எனக்கு மனத்துக்குள் ஒரு திருப்தி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இருபது நிமிஷம் கழித்துப் பாய் வந்தார். கையில் காகிதப் பொட்டலம். சைக்கிளை நிறுத்தாமலே வண்டி நின்ற இடத்தைப் பார்த்தார்.

"வண்டி எங்க தம்பி?"

மாமா எடுத்துக்கொண்டு போனதைச் சொன்னேன். அவர் கண் கொக்கிக்குப் போனது.

"இத யாரு மாட்டுனது?"

"நான்தான்."

அவர் திட்டியிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. குரலைத் தாழ்த்திச் சொன்னார். சீட்டின் மேல் ஸ்பேனர் இருந்தால் வேலை முடியவில்லை, எடுக்காதே என்று அர்த்தம். இந்த ரோட்டில் இருக்கிற எல்லாப் பட்டறையிலும் அதுதான் வழக்கம், எந்த டிரைவரும் அதைத் தாண்டி ஏற மாட்டான். டிரைவர் வருவதற்குள் அதை எடுத்தது, டிரைவர் அல்லாத ஒருவர். வாங்கி மாட்டியது இன்னொருவர்.

அந்த ஆணி எவ்வளவு தூரம் தாங்கும் என்று கேட்டேன். தார் ரோட்டில் தாங்கும் என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. கிடங்குக்கு அப்புறம் தார் ரோடு கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். கிடங்குக்கு அப்புறம்தான் மடியில் பெட்டி இருக்கும் என்பதும் தெரியும்.

டீக்கடையில் நின்ற ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பாய் கேட்டு வாங்கினார். பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு சுத்தியலையும் சின்னக் கடப்பாரையையும் என் கையில் கொடுத்துப் பின்னால் உட்காரச் சொன்னார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி. ஒவ்வொரு பெட்டியாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிழவி கொய்யாக் கூடையோடு நின்றது, கூடையில் எட்டுப் பழம் இருந்தது, ஒரு பழத்தைக் கிளி கொத்தியிருந்தது. இவை எல்லாம் இன்றும் நினைவில் இருக்கின்றன. பயத்தில் கண் தேவையில்லாததை எல்லாம் எடுத்து வைத்துக்கொள்கிறது. கேட் திறந்ததும் பாய் கேட் கீப்பரிடம் கேட்டார். ஜீப் எப்போதோ போய்விட்டது என்றார்.

கிடங்கின் வேலி அருகே காவல்காரர் எங்களைத் தூரத்திலேயே நிறுத்தினார். எஞ்சினை அணைக்கச் சொன்னார். தீப்பெட்டி இருந்தால் தகர டப்பாவில் போட்டால்தான் பேசுவேன் என்றார். பாயிடம் இல்லை. என்னிடம் இருந்தது. நான் போட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"இப்பத்தான் ஏத்திக்கிட்டுப் போனாங்க. அங்க பாருங்க, தூசி தெரியுது."

வெள்ளைத் தூசி. கரிசல் காட்டுக்கு நடுவே சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடி ஓடி அந்தத் தடம் மட்டும் வெளுத்திருந்தது. தூசி நகர்வதே தெரியாத அளவுக்கு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. மாமா வண்டியை நடக்கிற வேகத்துக்கு மேல் ஓட்ட விடுவதில்லை. பாய் வேகத்தைக் கூட்டினார். கொஞ்ச தூரத்தில் திடீரென்று நிறுத்திக் காலை ஊன்றி, குனிந்து மண்ணில் எதையோ எடுத்தார். நான் காலையில் பெரம்பலூரில் வாங்கிய வாசர். அதன் ஓரத்தில் கடைக்காரர் தடவியிருந்த கிரீஸ்கூட அப்படியே இருந்தது.

ஆணி போய்விட்டது. வாசரும் போய்விட்டது. வளையம் இப்போது ரப்பரின் பிடிப்பில் மட்டும் பின்னில் தொங்கிக்கொண்டிருக்கும், அல்லது தொங்காது. பாய் அதை எனக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் ஒன்றைச் சொன்னார். வளையம் கழன்று விழுந்தால் குழாய் பின்பக்கம் சாய்ந்து ஸ்டீரிங் ராடில் மாட்டும். அப்போது சக்கரம் திரும்பாது. தடம் அரை மைலுக்கு அப்பால் ஒரு வறண்ட ஓடையில் இறங்குகிறது. இறக்கம் ஒரு ஆள் உயரம். இறங்கியதும் இடது பக்கம் ஒடித்துத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் நேரே பாறை.

நான் ஹாரன் அடிக்கச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பின்னால் ஹாரன் கேட்டால் டிரைவர் திடுக்கிட்டுப் பிரேக்கை மிதிப்பான், அதற்கு ஓடையே தேவலாம் என்றார். நான் இறங்கி ஓடிக் கூப்பிடட்டுமா என்றேன். அதுவும் வேண்டாம் என்றார்.

"சுத்திப் போயி முன்னாடி நிப்போம். அவனே பாத்து அவனே நிறுத்தட்டும். தலையக் குனிஞ்சுக்குங்க தம்பி. நம்மள அடையாளம் தெரிஞ்சாலும் மிதிச்சுப்புடுவான்."

தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். தடத்தை விட்டுப் பருத்தி எடுத்து முடிந்த கரிசலில் இறங்கினோம். வெடிப்பு வெடிப்பாக விட்ட நிலம். காய்ந்த பருத்திமார் காலில் கிழித்தது. கடப்பாரை என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. வலது பக்கத்தில், நூறு அடிக்கு அப்பால், ஜீப் எங்களோடு இணையாகப் போய்க்கொண்டிருந்தது. நான் தலையைக் குனிந்திருந்தேன். ஒரு முறை மட்டும் கண்ணை உயர்த்தினேன். மாமாவின் இரண்டு கைகளும் பெட்டியைச் சுற்றியிருந்தன. அவர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓடைக்கு இந்தப் பக்கம், ஜீப்புக்கு நல்ல தூரம் முன்னால், தடத்தில் ஏறினோம். பாய் எஞ்சினை அணைத்துவிட்டு, கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தடத்தின் நடுவில் நின்றார். நானும் அப்படியே நின்றேன். கையை ஆட்டக் கூடாது என்றிருந்தார். கை ஆடாமல் வைத்திருப்பது கஷ்டமாக இருந்தது. ஜீப் வந்துகொண்டே இருந்தது. இடது சக்கரத்துக்குப் பின்னால் குழாய் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு தரம் ஆடி ஆடி நின்றது. டிரைவர் எங்களைப் பார்த்துவிட்டார் என்பது வேகம் குறைந்ததில் தெரிந்தது. குறைந்து, குறைந்து, பத்தடி முன்னால் மூச்சு விடுவதுபோல் நின்றது.

மாமா இறங்கவில்லை. "என்ன மாப்ள, இன்னிக்கிச் சேதி ஒண்ணும் சிக்கலையா?" என்றார்.

பாய் பக்கத்தில் போய், அவர்கள் இருவர் காதில் விழும் அளவுக்கு மட்டும், விஷயத்தைச் சொன்னார். வாசரைக் காட்டினார். டிரைவர் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். மாமா முகத்தில் எதுவும் மாறவில்லை. ஒரு காலை ஊன்றி, இடுப்பை மெதுவாகத் திருப்பி, பெட்டி சாயாமல் இறங்கினார். எங்கள் கையில் இரும்பு இருப்பதைப் பார்த்துவிட்டு, காட்டுக்குள் நடந்தார். நாற்பது ஐம்பது அடி போனதும் நின்றார். பெட்டியைக் கீழே வைக்கவில்லை. மண் கொதித்தது. ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை. கேப்பில் வெயில் படக் கூடாது. அவர் வெயிலுக்கு முதுகு காட்டித் திரும்பி, தன் நிழல் பெட்டி மேல் விழும்படி நின்றுகொண்டார்.

வளையம் பின்னின் நுனியில் கால்வாசி மட்டும் தொற்றிக்கொண்டிருந்தது. பாய் அதைக் கையால் உள்ளே தள்ளி, சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி, வாசரை வைத்தார். ரப்பரை அமுக்கினால்தான் துளை தெரியும். கடப்பாரையின் முனையை வாசரில் கொடுத்து, சக்கரத்தின் உள்பக்கத்தில் அண்டை கொடுத்து, என்னை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். துளை வந்தது. அவர் பின்னைக் கொண்டுவருவதற்குள் என் கை தளர்ந்து துளை மறைந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடி மறைந்தது. நான் காட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா நின்ற இடத்தில் நின்றார். சட்டை முதுகோடு ஒட்டி நிறம் மாறியிருந்தது. பெட்டி எத்தனை கிலோ என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"அங்க பாக்காதீங்க தம்பி. இங்க பாருங்க. இந்த ஓட்டைய மட்டும் பாருங்க."

பார்த்தேன். புதுப் பின் துளைக்குள் போயிற்று. இரண்டு காலையும் விரித்து மடக்கி, மடக்கியதை விரலால் தடவிப் பார்த்தார். என் விரலையும் பிடித்துத் தடவ வைத்தார்.

மாமா உடனே வந்து ஏறவில்லை. முதலில் வண்டியை வெறுமனே ஓடையில் இறக்கி ஏற்றிக்கொண்டு வரச் சொன்னார். டிரைவர் தயங்கினார். பாய் ஏறி ஓட்டினார். அக்கரைக்குப் போய் வண்டி திரும்பி வரும் வரைக்கும் மாமா பெட்டியோடு நின்றார். வந்ததும் பாய் குனிந்து பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். அப்புறம்தான் மாமா ஏறினார். என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார்.

"வூட்ல சொல்லாத."

பாயும் நானும் ஊர் திரும்பினோம். கொட்டகையில் இறங்கியதும் அவர் ஒரு லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். நான் தபால் ஆபீசுக்குப் போய் அன்றைய செய்தியை எழுத உட்கார்ந்தேன். பஞ்சாயத்துக் கூட்டம் பற்றியது. நாலு வரி எழுதினேன். நாலையும் அடித்தேன். பயம் வண்டியோடு போகவில்லை. பெட்டி சுரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரிய ஒரு வழியும் இல்லை. சாயங்காலம் வெடிச் சத்தம் கேட்கும். ஆனால் அது எந்த வெடி என்று சத்தத்தை வைத்து எனக்குச் சொல்லத் தெரியாது.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. அவள் தெரு முனை அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். அப்போது சுரங்கப் பக்கமிருந்து முதல் சத்தம் வந்தது. அவள் பம்பின் கைப்பிடியை விட்டுவிட்டாள். நான் பேச வந்ததை ஒரு விரலைத் தூக்கித் தடுத்தாள்.

ஒரே ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அந்த இடைவெளி எவ்வளவு நேரம் இருந்தது என்று இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு பெண் குடத்தை இறக்கி வைக்கும் நேரம் இருக்கும். பிறகு இரண்டாவது வந்தது. அப்புறம் மூன்றாவது, நாலாவது. திரி வைத்த குழிகள் ஒன்றன் பின் ஒன்றாக வெடித்தன. அக்காவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. வரிசையில் பின்னால் நின்ற பெண் ஏதோ கேட்டாள். அக்காவின் உதடு நிற்கவில்லை.

"பன்னெண்டு" என்றாள் கடைசியில். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

காலையில் கிளம்பும்போது இன்றைக்கு எத்தனை குழி என்று மாமா அவளிடம் சொல்லிவிட்டுப் போவாராம். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தானாம். அன்றைக்குச் சொன்னதும் பன்னெண்டுதானாம். அதைக் கேட்டு நான் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான். அதே ஊரில் அத்தனை வருஷம் செய்தி சேகரித்துக்கொண்டிருந்தவன் நான்.

"என்னடா இந்நேரத்துல வந்து நிக்கிற?" என்றாள்.

"சும்மாதான்" என்றேன். அவள் மறுபடி பிடித்த கைப்பிடியை வாங்கி அடிக்க ஆரம்பித்தேன். குடம் நிறைந்து வழிந்த பிறகும் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பின்னால் நின்ற பெண்தான் சத்தம் போட்டாள்.